மஞ்ச ஜெர்சியும் இருவது கொண்டை ஊசியும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் பத்தி ஒரே ஒரு பக்கம் எழுதுனேன். எடிட்டர் "அண்ணே, சேலத்துல இத யாரு படிப்பா"ன்னு தயங்கித்தான் போட்டாரு, இப்ப பாத்தா லெட்டரும் வாட்ஸப்புமா குமிஞ்சு கெடக்கு, அதுல பாதி திட்டு, மீதி கேள்வி. திட்டுனவங்களுக்கு நன்றி, கேட்டவங்களுக்குப் பதில் கீழ.

மொதல்ல வந்தவனுக்குக் கை தட்டுறாங்க, மஞ்சச் சட்டைய மட்டும் பதினஞ்சாவதா வந்தவனுக்கு மாட்டி விடுறாங்க. என் பேரன் வெளக்கிச் சொன்னான், எனக்குப் புரியல. இது என்ன நியாயம்?
*ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், அஸ்தம்பட்டி*

ஐயா, கணக்கு வாத்தியாரா இருந்துட்டு நீங்களே இப்படிக் கேட்டா எப்படிங்க. இது முழுக்கக் கூட்டல் கணக்குதான். மொத்தம் 21 ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்), நடுவுல ரெண்டு நாள் ஓய்வு, ஆக 23 நாள். ஒவ்வொரு நாளும் ஒருத்தர் எத்தன மணி எத்தன நிமிஷம் எத்தன செகண்டுல வந்தார்னு குறிச்சு வச்சுக் கூட்டிக்கிட்டே வருவாங்க, அந்த மொத்தம் யாருக்குக் கம்மியோ அவருக்கு மஞ்ச ஜெர்சி. அன்னிக்கு மொதல்ல வந்தவருக்கு அந்த ஸ்டேஜ் ஜெயிச்ச பேரு கெடைக்கும், கூட 10 செகண்டு கழிவு கெடைக்கும், அவ்ளோதான். ஒரு ஸ்டேஜ் கூட ஜெயிக்காம டூரையே ஜெயிக்கலாம், 1990ல அமெரிக்காக்காரர் கிரெக் லெமாண்ட் அப்படித்தான் ஜெயிச்சாரு.

அவரோட அதுக்கு மொத வருஷக் கதை இன்னும் நல்லாருக்கும். 1989, கடைசி நாள், வெர்சாய்ல இருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருத்தரா தனித்தனியா கெளம்பி ஓட்டணும். லெமாண்ட் 50 செகண்டு பின்னாடி இருக்காரு, மஞ்ச ஜெர்சி பிரான்சுக்காரர் லொரான் ஃபின்யோன்கிட்ட. 24 கிலோமீட்டர்ல 50 செகண்டு புடிக்க முடியாதுன்னுதான் அங்க எல்லாரும் நெனச்சிருக்காங்க. முடிச்சுக் கூட்டிப் பாத்தா லெமாண்டுக்கு 8 செகண்டு கம்மி! மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டு 8 செகண்டு வித்தியாசம் ஐயா, செவ்வாய்ப்பேட்டைல வெள்ளிய நிறுக்குற தராசுலதான் இத நிறுக்கணும்.

மஞ்ச கலர் ஏன்னு பேரன் கேட்டா, இந்த ரேஸ 1903ல ஆரம்பிச்சதே லோட்டோன்னு ஒரு பத்திரிகை, அது மஞ்ச பேப்பர்ல அச்சாகும், 1919லருந்து அதே கலர்ல ஜெர்சின்னு சொல்லுங்க. இத்தாலி ரேசுக்கு ரோஸ் கலர் ஜெர்சி, அங்கயும் கதை அதேதான், ரோஸ் பேப்பர் பத்திரிகை. பேப்பர் விக்கத்தான் ரேசே. நம்ம எடிட்டருக்கும் இத நான் சொல்லி வச்சிருக்கேன், அவரு சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

கிரிக்கெட்டுன்னா டிக்கெட் எடுத்தா நாள் பூரா பாக்கலாம். இதுல ஜனங்க காட்டுக்குள்ள ரோட்டோரமா காலைலருந்து குந்தியிருந்து பத்து செகண்டு பாத்துட்டு வீட்டுக்குப் போறாங்களாமே, இவங்களுக்கு வேற வேலை இல்லியா?
*ஒரு வாசகி, குகை*

அம்மா, மத்த ஊர்க்காரங்க கேட்டாப் பரவால்ல, குகைல இருந்துக்கிட்டு நீங்க கேக்கலாமா. ஆடில உங்க ஊரு வண்டி வேடிக்கைக்கு எத்தன மணிக்குப் போயி எடம் புடிப்பீங்க? சாயங்காலமே பாய் தலகாணியோட திண்ணைல எடம் போட்டு, புள்ளைங்களுக்குப் பொரி வாங்கிக் குடுத்து, சொந்தக்காரங்கள எல்லாம் கூப்ட்டு உக்கார வச்சு, அப்பறம் சாமி வேஷம் போட்ட வண்டி ஒவ்வொண்ணும் உங்கள எத்தன நிமிஷத்துல தாண்டிப் போவுது? அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் போனீங்களா? உக்காந்திருந்ததுதான திருவிழா. இதுவும் அதேதான், ஒரு எழுத்து கூட மாத்த வேண்டாம். காலமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், டூர் ஜூலைல நடக்கும், முடியிறப்ப நமக்கு ஆடி பொறந்திருக்கும்.

அங்க ரேசுக்கு முன்னாடி நெசமாவே ஒரு வண்டி வேடிக்கை உண்டு, அத சொன்னா நம்ப மாட்டீங்க. 1930லருந்து நடக்குது. வீரர்கள் வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே கம்பெனிக்காரங்க பெரிய சிங்கம், பெரிய பாட்டில், பெரிய கோழின்னு வேஷம் கட்டுன வண்டிகள வரிசையா விட்டு, ரெண்டு பக்கமும் தொப்பி, சாவிக்கொத்து, பிஸ்கட் பாக்கெட்டுன்னு வாரி எறிஞ்சுக்கிட்டே போவாங்க. அதுக்கு அடிச்சுக்கிறாங்க பாருங்க, காரும் பங்களாவும் உள்ளவங்க அஞ்சு பைசா பெறாத சாவிக்கொத்துக்கு அடுத்தவன் காலுக்குள்ள பூந்து பொறுக்குறாங்க. பிரசாதம்னா நம்ம ஆளுங்களும் அப்படித்தான.

மலை ஸ்டேஜ்னா ரெண்டு நாள், மூணு நாள் முன்னாடியே கேம்பர் வேன்ல போயி வளைவுல எடம் போட்டுருவாங்க. அடுப்பு, மடக்கு சேர், ரேடியோ எல்லாம் கொண்டு போவாங்க. ஆல்ப் துவெஸ்னு ஒரு மலைல ஏழாம் நம்பர் வளைவு முழுக்க ஹாலந்துக்காரங்க, எல்லாம் ஆரஞ்சு கலர் சட்ட, ராத்திரி பூரா ஆட்டம். ரோட்டுல பெயிண்ட் எடுத்துத் தனக்குப் புடிச்ச வீரர் பேர எழுதுவாங்க, மொதல்ல போலீஸ் ஹெலிகாப்டர் சத்தம் கேக்கும், அப்பறம் ரோடே நெருங்கி ஒரு ஆள் போற சந்து மட்டும் விட்டு நிப்பாங்க, அதுக்குள்ள வேர்த்து ஊத்துற மூஞ்சி ஒண்ணு வரும், மூச்சு சத்தம் உங்க காதுல விழும், கை நீட்டுனா தொடலாம், போயிரும். டிக்கெட் கெடையாது, காம்பவுண்டு கெடையாது. உலகக் கோப்பை ஃபைனல்ல ஆடுறவர இத்தன பக்கத்துல யாரு விடுவா சொல்லுங்க.

நான் பிரான்சுக்குப் போனதில்ல, பாஸ்போர்ட்டே இல்ல. ஆனா ஞாயித்துக்கிழம காலைல நம்ம பசங்க ஏற்காடு ஏறுவாங்க, நான் முன்னாடியே ஸ்கூட்டர்ல போயி பாதி மலைல ஒரு ஹேர்பின்ல ஒரு சீப்பு வாழப்பழமும் தண்ணி பாட்டிலுமா நிப்பேன். ஒரு மணி நேரம் நிப்பேன், குரங்குகிட்டருந்து வாழப்பழத்தக் காப்பாத்துறதே பெரிய பாடு, கீழ வளைவுல மஞ்ச ஹெல்மெட்டு ஒண்ணு மரத்துக்கு நடுவுல மின்னுறப்ப ஒரு சந்தோசம் வரும் பாருங்க, அது வேலை இல்லாதவன் சந்தோசம்னே வச்சுக்கங்க.

டீமுக்கு எட்டுப் பேரு போறாங்க. ஜெயிக்கிறது ஒருத்தன். மீதி ஏழு பேரு சம்பளத்துக்கு என்னதான் பண்றாங்க?
*இன்ஜினியரிங் மாணவர், கருப்பூர்*

காத்த மறைக்கிறாங்க தம்பி. ஓமலூர் ரோட்டுல எதிர்காத்துல சைக்கிள் ஓட்டிப் பாத்திருக்கியா, அப்ப பஸ் ஒண்ணு உன்னத் தாண்டுனா ரெண்டு செகண்டு சைக்கிள் தானா போற மாதிரி இருக்கும்ல, அந்த ரெண்டு செகண்ட நாலு மணி நேரம் நீட்டுறதுதான் டீம் வேல. முன்னாடி ஒருத்தர் காத்த வாங்கிக்கிட்டு ஓட்டுனா ஒட்டிப் பின்னாடி போறவருக்கு மூணுல ஒரு பங்கு சக்தி வரைக்கும் மிச்சம், பெரிய கூட்டத்துக்கு நடுவுலன்னா இன்னும் ஜாஸ்தி. (இதப் படிச்சுட்டு லாரிக்குப் பின்னாடி ஒட்டாத, உங்கம்மா எனக்குத்தான் லெட்டர் போடுவாங்க.) அதனால தலைவர நடுவுல உக்கார வச்சு ஊர்வலமா கூட்டிட்டுப் போவாங்க. அவருக்குத் தண்ணி தீந்தா ஒருத்தர் பின்னாடி கார் வரைக்கும் வந்து ஆறேழு பாட்டில முதுகுலயும் சட்டைக்குள்ளயும் சொருகிட்டு மறுபடி முன்னாடி போயிக் குடுக்கணும். அவருக்கு சக்கரம் போச்சுன்னா தன் சக்கரத்தக் கழட்டித் தரணும்.

சக்கரம்னதும் ரெனே வியெத்தோ ஞாபகம் வராம இருக்காது. 1934, ஆளுக்கு இருவது வயசு, மொத டூர், மலைல குருவி மாதிரி ஏறுறான், பிரான்சே அவன் பேர சொல்லுது. பிரெனீஸ் மலைல டீம் தலைவர் அந்தோனின் மான்யேவுக்கு சக்கரம் ஒடஞ்சுது. வியெத்தோ தன் சக்கரத்தக் கழட்டிக் குடுத்துட்டு, மாத்து சக்கரம் வர்ற வரைக்கும் ரோட்டோரக் கைப்பிடிச் சுவத்துல உக்காந்திருக்கான், கூட்டம் கூட்டமா எல்லாரும் அவனத் தாண்டிப் போறாங்க. அந்தப் போட்டோ இன்னிக்கும் கெடைக்கும், தேடிப் பாரு. மறுநாள் தலைவருக்கு மறுபடி கோளாறு, இவன் முன்னாடி போயிட்டிருந்தவன், சேதி கேட்டு மலைல திரும்பி எதிர்த் திசைல வந்து சைக்கிளையே குடுத்தான். மான்யே டூர ஜெயிச்சாரு. வியெத்தோ அஞ்சாவது. அவன் கடைசி வரைக்கும் டூர் ஜெயிக்கல தம்பி, ஆனா உன் கேள்விக்கு நான் சொன்னது யாரு பேரு, ஜெயிச்சவர் பேரா?

நம்ம ஏற்காடு மலைய அந்த டூர்ல சேத்தா எத்தனாவது தரம் குடுப்பாங்க? எங்களுக்குள்ள தட்டுவடை செட் பந்தயம் ஓடுது.
*அஞ்சு நண்பர்கள், கோரிமேடு*

பந்தயத்துல எனக்கும் ஒரு செட்டு எடுத்து வச்சிருங்க, நொறுக்கல் இல்லாம முழுசா.

அங்க மலைகள நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு பிரிப்பாங்க, நாலு லேசு, ஒண்ணு கஷ்டம், அதுக்கும் மேல தரத்துக்கே அடங்காததுன்னு ஒண்ணு. ஒரு பழைய கதை உண்டு, ஒரு சின்ன கார எடுத்துட்டுப் போயி மூணாவது கியர்ல ஏறுனா மூணாம் தரம், ஒண்ணாவது கியர்ல ஏறுனா ஒண்ணாம் தரம், ஏறவே இல்லன்னா தரத்துக்கு அடங்காததுன்னு. கதைதான், ஆனா நல்ல கதை. நெசத்துல தூரம், ஏத்தம், அது ஸ்டேஜோட ஆரம்பத்துல வருதா கடைசில வருதான்னு எல்லாம் பாத்து நடத்துறவங்களே முடிவு பண்றாங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். ஆல்ப் துவெஸ் 13.8 கிலோமீட்டர், சராசரி ஏத்தம் 8.1 சதவீதம், அதாவது நூறு மீட்டர் போனா எட்டு மீட்டர் ஒசரம், 21 வளைவு. நம்ம அடிவாரத்துலருந்து ஏற்காடு சுமார் 20 கிலோமீட்டர், 20 ஹேர்பின், மொத்த ஒசரம் ஆயிரம் மீட்டர்னு வச்சுக்கிட்டா சராசரி அஞ்சு சதவீதம். ஒரு வளைவுதான் கம்மின்னு சந்தோசப்படாதீங்க, அங்க செங்குத்து, நமக்கு நீட்டம். என் தீர்ப்பு ஒண்ணாம் தரம், அதுவும் ஸ்டேஜ் ஏற்காட்டுல ஏரிகிட்ட முடிஞ்சா. ரெண்டாம் தரம்னு எவனாவது பந்தயம் கட்டியிருந்தா அவன மே மாசம் பகல் பன்னெண்டு மணிக்கு அடிவாரத்துல எறக்கி விடுங்க, அவனே மாத்திக்குவான். சனிக்கிழம சாயங்காலம்னா தரத்துக்கே அடங்காது, டூரிஸ்ட் கார்ல வளைவுக்கு வளைவு கிளட்சு கருகுற நாத்தம் அடிக்கும்.

அங்க ஆல்ப் துவெஸ்ல ஒவ்வொரு வளைவுக்கும் அங்க ஜெயிச்ச வீரர்கள் பேர போர்டுல போட்டிருக்காங்க, நம்பரும் கீழருந்து 21, 20, 19ன்னு கொறஞ்சுக்கிட்டே போகும், ஏறுறவனுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு. அது எனக்கு ரொம்பப் புடிச்சுது.

ரேஸ் நடுவுல ஒண்ணுக்கு வந்தா என்ன செய்வாங்க?
*ஏழாம் வகுப்பு, சூரமங்கலம்*

நிறுத்திட்டுப் போவாங்க கண்ணு, பாதி கூட்டமே ஒண்ணா நிறுத்தும். மஞ்ச ஜெர்சிக்காரர் நிறுத்துனா அந்த நேரத்துல யாரும் வேகமாப் போயிரக் கூடாதுன்னு எழுதாத சட்டம் ஒண்ணு உண்டு. ஜனங்க கண்ணு முன்னாடி போனா அபராதம். நம்ம ஊர் சொவத்துல எழுதி வச்சிருக்குமே அதேதான்.

சாப்பாடு? (இது அதே பையனோட அண்ணன்.)

மலை ஸ்டேஜ்ல ஒரு நாளைக்கு ஆறாயிரம் கலோரிக்கு மேல காலியாகும், அதனால ஓட்டிக்கிட்டே தின்னுக்கிட்டே இருக்கணும். அவங்க சட்டைப்பையில இருக்குறதுல ஒண்ணு என்ன தெரியுமா, அரிசிச் சோறு. கொழைய வேக வச்சு சக்கர, வெண்ணெய் மாதிரி எதாச்சும் சேத்துக் கட்டி, துண்டு போட்டு காயிதத்துல சுத்தி வச்சிருப்பாங்க. கட்டுச்சோறுதாங்க.

நான் வெள்ளிப் பட்டறைல வேல செய்றவன். அவ்ளோ வெலை சைக்கிள் பாதி வழில ஒடஞ்சா ரிப்பேர் யாரு பாப்பா?
*ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை*

இப்ப டீம் கார் பின்னாடியே வருது, கூரை மேல நாலஞ்சு சைக்கிள், ஒண்ணு போனா இன்னொண்ணு. ஆனா நீங்க பட்டறைக்காரர், உங்களுக்குன்னே ஒரு கதை வச்சிருக்கேன்.

1913. யூஜின் கிறிஸ்டோஃப், ஜெயிக்க வேண்டிய நெலைல இருக்காரு. டூர்மாலேன்னு 2,115 மீட்டர் மலை, எறங்குறப்ப முன் சக்கரத்தப் புடிச்சிருக்குற ஃபோர்க் முறிஞ்சு போச்சு. அந்தக் காலத்துச் சட்டம் என்னன்னா, ஒருத்தரும் ஒதவக் கூடாது, தன் சைக்கிளத் தானே சரி பண்ணணும். மனுசன் சைக்கிளத் தோள்ல தூக்கிட்டு பத்து கிலோமீட்டருக்கு மேல நடந்து கீழ ஒரு கிராமத்துக்கு வந்து கொல்லன் பட்டறையத் தேடிப் போயி, உலைல இரும்பக் காய்ச்சி, தானே அடிச்சு, தானே ஒட்டுனாரு. பக்கத்துலயே ரேஸ் அதிகாரிங்க நின்னு வேடிக்க பாத்துக்கிட்டு, கொல்லன் கை வைக்கிறானான்னு கண்காணிப்பு. ரெண்டு கையும் வேலையில இருக்கு, துருத்தி யாரு ஊதுறது? பட்டறைல ஒரு சின்னப் பையன் நின்னிருக்கான், அவன் ஊதுனான். அதுக்கு 10 நிமிஷம் அபராதம்! அப்பறம் மூணு நிமிஷமாக் கொறச்சாங்க, ஆனா அதுக்குள்ள நாலு மணி நேரம் போயே போச்சு. அப்பவும் விடாம பாரிஸ் வரைக்கும் ஓட்டி ஏழாவதா வந்தாரு.

உங்களுக்குத் தெரியும், ஒண்டி ஆளா உலையும் பாத்துத் துருத்தியும் ஊத முடியுமான்னு. அந்த அதிகாரிங்களுக்குத் தெரியல. அந்த மனுசனுக்கு 1919ல ஒரு மரியாதை கெடச்சுது, மேல வாத்தியாருக்குச் சொன்னேனே மஞ்ச ஜெர்சி, அத மொத மொத போட்டவரு இவருதான். அந்த வருசமும் ஃபோர்க் ஒடஞ்சு டூர் போச்சு. இரும்பு சரியில்ல, வேற என்ன சொல்றது.

கடைசியா வர்றவன எதுக்குங்க கொண்டாடுறாங்க?
*ரயில்வேல இருந்து ஓய்வு பெற்றவர், ஜங்ஷன்*

அண்ணே, இந்தக் கேள்வி உங்களுக்குன்னே வச்ச மாதிரி இருக்கு. கடைசி ஆளுக்கு அங்க பேரே "செவப்பு லாந்தர்". ரயில் கடைசிப் பெட்டிக்குப் பின்னாடி தொங்குமே, அதுலருந்துதான் வந்துது. அந்த செவப்பு வெளக்கு தெரிஞ்சாத்தான வண்டி முழுசா வந்துருச்சுன்னு ஸ்டேஷன்ல அர்த்தம், அதே மாதிரி இவரு வந்தாத்தான் ரேஸ் முழுசாத் தாண்டிருச்சுன்னு மலைல நிக்கிறவன் மூட்டையக் கட்டுவான்.

கடைசியா வர்றது லேசுன்னு நெனைக்காதீங்க. மொதல்ல வந்தவர் எடுத்த நேரத்துக்கு மேல இத்தன சதவீதம்னு தெனம் ஒரு கெடு உண்டு, தாண்டுனா மறுநாள் கெடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சமதளத்துல புயல் மாதிரி ஓட்டுற ஸ்பிரிண்ட் ஆளுங்களுக்கு மலை எமன், ஒடம்பு கனம், அவங்க எல்லாம் கடைசில ஒரு கூட்டமா சேந்து, ஒருத்தருக்கு ஒருத்தர் கணக்கு சொல்லிக்கிட்டு, கெடுவுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி எப்படியாச்சும் வந்து சேருவாங்க. டிவி முன்னாடி ஜெயிச்சவனக் காட்டிட்டிருக்கும், நான் இவங்களக் காட்ட மாட்டானான்னு உக்காந்திருப்பேன்.

2024 மொத நாள், இத்தாலில, சரியான வெயிலு. மார்க் கேவண்டிஷ், ஸ்பிரிண்ட் ஆளு, 39 வயசு, சைக்கிள் மேலயே வாந்தி எடுத்துட்டாரு. கூட ஓட்டுறவங்க நாலஞ்சு பேரு அவரச் சுத்தி அணைகட்டி, தண்ணி ஊத்தி, மெதுவா இழுத்துட்டு வந்து கெடுவுக்குள்ள சேத்தாங்க. அன்னிக்கு எங்க வீட்டுல நான் "ஆள் அவ்ளோதான், இதோட முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன். நாலு நாள் கழிச்சு அஞ்சாவது ஸ்டேஜ், அதே ஆளு ஜெயிச்சாரு. அது அவருக்கு டூர்ல 35வது ஸ்டேஜ் வெற்றி, பழைய ஜாம்பவான் எடி மெர்க்ஸோட 34 சாதனைய அது ஒடச்சுது, இனிமே யாரும் கிட்டப் போவாங்களான்னு பாக்கணும். என் வீட்டுக்காரம்மா இன்னிக்கும் "அவ்ளோதானா?"ன்னு கேப்பாங்க, எதுக்கெடுத்தாலும்.

ஊசி போட்டுக்கிட்டு ஓட்டுறவங்கள நம்பி ராத்திரி கண்ணு முழிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?
*பெயர் வேண்டாம், அம்மாபேட்டை*

இருக்குங்க. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999லருந்து 2005 வரைக்கும் ஏழு தடவ வரிசையா ஜெயிச்சாரு, கேன்சர்ல பொழச்சு வந்தவர்னு அவரு படத்த ஒட்டி வச்சவங்கள்ல நானும் ஒருத்தன். ஊக்க மருந்து போட்டது தெரிஞ்சு 2012ல ஏழையும் புடுங்கிட்டாங்க, அந்த ஏழு வருசத்துக்கும் வேற யாருக்கும் பட்டம் குடுக்கல, ரெக்கார்டுல அந்த எடம் காலியாவே கெடக்கு, மத்தவங்களுக்குக் குடுக்கலாம்னா அவங்கள்லயும் பல பேரு மாட்டுனவங்க. படத்தக் கிழிச்சேன். அதுக்கப்பறம் சோதன கூடிருச்சு, ஒவ்வொருத்தர் ரத்தக் கணக்கையும் வருசக்கணக்கா எழுதி வச்சு ஒப்பிட்டுப் பாக்குறாங்க. இப்பவும் ஒருத்தர் ரொம்ப லேசா ஏறுனா மனசுல ஒரு மூலைல அந்த சந்தேகம் வரத்தான் செய்யுது, ஸ்லோவேனியாக்காரர் தடேய் பொகாச்சார் ஏறுறப்பவும் வந்துது, அவரு மாட்டுனதில்ல, அவர் மேல ஒரு குத்தமும் இல்ல, ஆனா எனக்கு வந்துது. ஏமாந்தவன் புத்தி. இருந்தாலும் பாக்குறேன்.

கூட ஓடி உற்சாகப்படுத்துறது தப்பா? டிவில பாத்தா எல்லாரும் ஓடுறாங்க.
*ஒரு கல்லூரி மாணவி, கன்னங்குறிச்சி*

கை தட்டு, கத்து, பேர் சொல்லிக் கூப்டு, ஓட மட்டும் ஓடாதம்மா. 1999ல ஆல்ப் துவெஸ்ல குவெரினின்னு ஒரு இத்தாலிக்காரர் தனியா முன்னாடி வர்றாரு, கடைசிக் கிலோமீட்டர், ஒருத்தன் கேமராவோட நடு ரோட்டுல நின்னு போட்டோ எடுத்தான், இவரு அவன் மேல மோதி விழுந்தாரு. நல்ல காலம், எந்திரிச்சு ஓட்டி ஜெயிச்சுட்டாரு. 2018ல அதே மலைல நிபாலிக்கு அந்த நல்ல காலம் இல்ல, 2014ல டூர் ஜெயிச்ச ஆளு, கூட்டத்துல ஒருத்தரோட கேமரா வாரு மாட்டி விழுந்து முதுகெலும்புல விரிசல், அதோட வீட்டுக்குப் போனாரு. 2021 மொத நாளு ஒரு அம்மா டிவிக்குத் தெரியணும்னு அட்டைய நீட்டிக்கிட்டு ரோட்டுக்கு முதுகக் காட்டி நின்னதுல பாதி கூட்டம் ஒண்ணு மேல ஒண்ணா சரிஞ்சுது. கேமராவப் பாத்தாங்க, ரேஸப் பாக்கல.

ரொம்ப யோக்கியன் மாதிரி பேசுறேன்னு நெனைக்காத. ரெண்டு வருசம் முன்னாடி நம்ம மலைலயே ஒரு பையன் தள்ளாடி வந்தான், நான் ஆர்வத்துல முதுகுல கை வச்சுத் தள்ளிக்கிட்டே நாலு எட்டு ஓடுனேன், செருப்பு வழுக்கி நான் அவன் மேல சாஞ்சு ரெண்டு பேரும் ஓடைப்பக்கம். அவன் முட்டில நாலு தையல். அவங்கப்பா என்னப் பாத்த பார்வை இன்னும் மறக்கல. அதுலருந்து வாழப்பழம் மட்டும்தான்.

பொம்பளைங்க ஓட்ட மாட்டாங்களா?
*ஒரு வாசகி, மணியனூர்*

ஓட்டுறாங்க, இன்னும் சொல்லப் போனா அதுதான் இப்ப ஜோரு. 1984லயே ஆரம்பிச்சு கொஞ்ச வருசத்துல விட்டுட்டாங்க, அப்பறம் பேரு மாறி மாறி எதேதோ நடந்து, 2022லருந்து மறுபடி ஒழுங்கா நடக்குது. 2024 கடைசி நாளப் பாத்திருக்கணும் நீங்க. நெதர்லாந்து டெமி வோலரிங் அஞ்சாவது ஸ்டேஜ்ல விழுந்து மஞ்ச ஜெர்சியத் தவற விட்டவங்க, அத மீட்கணும்னு கடைசி நாள் ஆல்ப் துவெஸ்ல தூள் பறத்தி ஸ்டேஜ ஜெயிச்சாங்க. ஜெயிச்சுட்டுத் திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, போலந்து காசியா நியவியாடோமா பின்னாடி பல்லக் கடிச்சுக்கிட்டு வர்றாங்க, கடிகாரம் ஓடுது. மொத்தக் கணக்குல நியவியாடோமாவுக்கு 4 செகண்டு மிச்சம். நாலே நாலு! வாத்தியார் ஐயா, உங்க எட்டு செகண்டு இங்க தோத்துப் போச்சு.

எனக்குப் பொறுமை இல்ல. ஒரே ஒரு நாள் பாக்குறேன், எந்த நாள், எத்தன மணிக்கு?
*துணிக்கடை நடத்துபவர், அஞ்சு ரோடு*

ஜூலைல அங்கயும் இங்கயும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம், ஸ்டேஜ் நம்ம நேரத்துக்கு சாயங்காலம் ஆரம்பிச்சு பெரும்பாலும் ராத்திரி எட்டே முக்கால், ஒம்பது வாக்குல முடியும். நீங்க கடைக் கணக்கு முடிச்சுட்டு எட்டு மணிக்கு உக்காந்தாப் போதும். மொத வாரம் வேண்டாம், மூணாவது வாரத்துல ஒரு மலை ஸ்டேஜா பாருங்க, மலை உச்சில முடியிற மாதிரி. மஞ்ச ஜெர்சிய மட்டும் பாக்காதீங்க, எவனாவது ஊரு பேரு தெரியாத ஒருத்தன் காலைலயே தனியாப் பிச்சுக்கிட்டு முன்னாடி போயிருப்பான், பின்னாடி கூட்டம் அவன நிமிஷத்துக்கு நிமிஷம் நெருங்கிட்டிருக்கும், திரைல வித்தியாசம் 2.10, 1.45, 1.20ன்னு கொறையும், அவனப் புடிச்சுக்கங்க. பெரும்பாலும் மாட்டிக்குவான். சில நாள் மாட்ட மாட்டான்.

அப்படி ஒரு நாள் மாட்டலன்னா அடுத்த ஞாயித்துக்கிழம காலைல ஆறு மணிக்கு அடிவாரத்துக்கு நீங்களே வந்துருவீங்க, எனக்குத் தெரியும். தட்டுவடை செட்டு கோரிமேட்டுப் பசங்க வாங்கித் தர்றாங்க, பந்தயத்துல தோத்தது யாருன்னு இன்னும் சொல்லல.